கவனமான ஓட்டுநர்தான்

என் தங்கச்சி புருஷனுக்கு அவர் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் வைத்த பெயர் ஆமை. அவசரக்காரர்கள் தூரத்தில் அவர் முகத்தைப் பார்த்ததுமே அடுத்த வண்டிக்கு ஒதுங்கி நிற்பார்கள். அந்த அடுத்த வண்டி பின்னால் கிளம்பி, இவரை முந்திக்கொண்டு போகும். என் கடைக்கு வரும்போதெல்லாம் நானும் சும்மா விட்டதில்லை.

"என்ன மாப்பிள்ளை, நேத்து கிளம்பின வண்டி இப்பத்தான் வந்து சேர்ந்துதா?"

"வந்து சேர்ந்துட்டேன்ல மச்சான்," என்பார். அவருடைய மொத்த வாதமும் அதுதான். அதற்கு மேல் அவரிடம் பேச்சு கறக்க முடியாது.

அந்த மனிதரைத்தான் போக்குவரத்து அமைச்சர் தொலைக்காட்சியில் 'பொறுப்பில்லாத ஓட்டுநர்' என்றார்.

நடந்தது இதுதான். சந்தைத் தெருவுக்கு இறங்கும் சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. கீழே காலை நேரக் கூட்டம். மாப்பிள்ளை வண்டியை ஓரமாக ஒடித்து, பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் சுவரில் கொண்டுபோய் மோதினார். தெருவில் நின்ற ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பஸ்ஸுக்குள் பலருக்குக் கை, கால் முறிவு. முன்படி அருகே நின்றிருந்த ஒரு பெரியவரும் மாப்பிள்ளையும் அங்கேயே போய்விட்டார்கள்.

தேர்தல் வேறு தலைக்கு மேல் நின்றது. எங்கள் தொகுதியில் அமைச்சரும், அவரை எதிர்த்து நின்ற அம்மையாரும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் பேசினார்கள். தங்கச்சி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாங்களும் பார்த்தோம். மாப்பிள்ளையின் வண்டியில் வேலை பார்த்த கண்டக்டரும் கட்டுப் போட்ட கையோடு வந்திருந்தான். நடத்துகிறவர் விபத்தைப் பற்றிக் கேட்டதும் அமைச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்:

"ஒரு பொறுப்பில்லாத ஓட்டுநர் செய்த காரியத்துக்காக, ஒரு பொறுப்பான அரசைக் குறை சொல்வது நியாயமா?"

தராசின் இரண்டு தட்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டார். ஒரு பக்கம் செத்துப்போன ஆள், மறு பக்கம் இவர். நடுவில் முள்ளைப் பிடித்திருந்ததும் இவரே. என் அப்பா, அவருக்கு முன்னால் அவர் அப்பா, எல்லாருமே கடையில் உட்கார்ந்து வாயால் பிழைத்தவர்கள். ஆனால் பதில் சொல்ல வர முடியாத ஒருவரையே சரக்காக்கி விற்ற ஆளை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.

"பொறுப்பில்லாதவரா?" என்றான் கண்டக்டர். "அண்ணி, காலைல ரெண்டு தடவை மேற்பார்வையாளர்கிட்ட சொன்னாரு. பிரேக் சரியில்ல, வேற வண்டி கொடுங்கன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். வேற வண்டி இல்ல, ஸ்டாப்புல ஆளுங்க நிக்குதுன்னுட்டான் அந்த ஆளு. அப்புறம் இவரு என்கிட்ட, 'மெதுவா போனா தாங்கும்டா'ன்னு சொல்லிட்டு ஏறினாரு."

"இதை வெளியில சொல்லுவியா?" என்றேன்.

கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நாளைக்கு நானும் அதே டிப்போவுக்குத்தானே அண்ணே போகணும்," என்றான்.

தங்கச்சி அவனைக் குறை சொல்லவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, எந்த டிவியில சொன்னாங்களோ, அதே டிவியில மாத்திச் சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"யாரு சொல்லுவாங்க பாப்பா? அமைச்சரா?"

"யாரோ. ஊரே கேட்டுச்சுல்ல? ஊரே கேக்கணும்."

வேறு எது கேட்டிருந்தாலும் எங்கே கிடைக்கும், யாரிடம் பேரம் பேசலாம் என்று எனக்குத் தெரிந்திருக்கும். இவள் கேட்டது ஒரு சொல். சொல் எந்த மொத்தக் கடையில் கிடைக்கும்?

மறுநாளே அது என் கடை வாசலில் வந்து நின்றது.

எங்களுடையது திரைச்சீலை, மெத்தை உறைத் துணி விற்கும் கடை. மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஒரு மெலிந்த இளைஞர் வந்தார். கையில் இரண்டு போன். துணியைத் தொடாமல் பார்ப்பவன் வாங்க வந்தவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். அம்மையாருக்குப் பேச்சு எழுதித் தருகிறவராம். நான் மனதுக்குள் அவருக்குச் சொல்லுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"ஐயா, அடுத்த வாரம் ரெண்டாவது விவாதம். உங்க மாப்பிள்ளையோட பேரை நாங்க மீட்டுக் கொடுக்கப் போறோம்."

"அடகுல இருக்கா தம்பி?"

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. தொழிலுக்கு உதவுகிற சிரிப்பு. "உங்க தங்கச்சி அரங்கத்துல முன்வரிசைல உட்காரணும். அவ்வளவுதான் நாங்க கேக்கறது. வெளிர் நிறத்துல உடுத்திக்கிட்டு வரச் சொல்லுங்க."

"சரி. அவ வந்தா, அம்மையார் என்ன சொல்லுவாங்க?"

"அப்பாவி ஓட்டுநர்."

"அப்பாவின்னா?"

"ஒரு பாவமும் அறியாதவர்."

"ஒண்ணுமே அறியாதவர்னுதான் தம்பி ஜனங்க காதுல விழும். வேற காட்டுங்க."

"ஏழை ஓட்டுநர்?"

"சம்பளக்காரர். மாசக் கடைசியில மட்டும்தான் ஏழை. நீங்களும் அப்படித்தானே?"

"பலியாடு...?"

"அவருக்குக் கொம்பு இல்ல."

"தியாகின்னு வைப்போமா? பெரிய வார்த்தை. எல்லாருக்கும் கொடுக்க மாட்டோம்."

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்துவிட்டு, உள்ளே துணிக்கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தங்கச்சி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அவரு சாகணும்னு வண்டி ஏறலைங்க. சாயங்காலம் வீட்டுக்கு வரணும்னு ஏறினாரு."

சொல்லுக்காரர் ஒரு போனைக் கீழே வைத்தார்.

"கவனமான ஓட்டுநர்," என்றாள் தங்கச்சி. "அது போதும்."

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. கவனம்ங்கறது கண்ணீர் வரவைக்காது. 'அப்பாவி'ன்னா அரங்கமே உச்சுக்கொட்டும். 'கவனமான'ன்னா, அப்படியான்னு கேட்டுட்டுப் போயிருவாங்க."

"போகட்டும். கேட்டுட்டுப் போகட்டும்."

நான் கண்டக்டர் சொன்னதைச் சொன்னேன். வேறு வண்டி கேட்டார், இரண்டு தடவை கேட்டார் என்று. சொல்லுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நல்ல வியாபாரி மாதிரி முழுதும் கேட்டுவிட்டுத்தான் மறுத்தார்.

"அதை மட்டும் வெளிய எடுக்க வேணாம் ஐயா. 'கெட்டுப்போன வண்டின்னு தெரிஞ்சே எடுத்தாரா?'ன்னு அமைச்சர் ஒரே கேள்வியில முடிச்சிருவாரு. அந்தப் பெரியவர் வீட்டு ஆளுங்களும் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நினைச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. தங்கச்சியும் பேசாமல் இருந்தாள். 'மெதுவா போனா தாங்கும்' என்று நம்பின ஒரு மனிதர் அங்கே எங்கள் மூவருக்கும் நடுவில் நின்றார். அவரை வெளியே அனுப்பாமல் உள்ளேயே வைத்துப் பூட்டினோம்.

"அப்ப 'கவனமான ஓட்டுநர்'. சொன்னா சொன்னதுதானே?" என்றேன்.

"சொன்னா சொன்னதுதான் ஐயா." கை கொடுத்தார். ஈரமில்லாத, உறுதியான கை. பேரம் படிந்தால் எனக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கும். அன்றும் இறங்கியது.

அடுத்த வாரம், விவாதத்தன்று சாயங்காலம் போனோம். அரங்கத்துக்குள் பழக்கடைக் குளிர்பதன அறை மாதிரி குளிர். முகப்பூச்சுக்காரப் பெண் தங்கச்சிக்குக் கொஞ்சம் பவுடர் போட்டாள். சொல்லுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "வேணாம், துடைச்சிருங்க, இயல்பா இருக்கட்டும்," என்றார். துடைத்தாள். துடைத்ததும் இவள் முகத்துக்கு இன்னும் பத்து வயது கூடிப் போயிற்று. அவர் எதிர்பார்த்ததும் அதுதான் போலிருக்கிறது.

முன்வரிசையில் உட்கார்ந்தோம். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் திருவிழாக் கூட்டத்தில் பிடித்ததுக்கு அப்புறம் இப்போதுதான்.

அமைச்சர் முதலில் பேசினார். இவள் முன்னால் உட்கார்ந்திருப்பது தெரிந்ததால் 'பொறுப்பில்லாத ஓட்டுநர்' இல்லை, 'வருத்தத்துக்குரிய விபத்து' என்றார். பிறகு அம்மையார் எழுந்தார். நல்ல குரல். அவர் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அது போய்ச் சேரும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொல்லுவார். பெரிய கடைகளில் மட்டும் பார்க்கக்கூடிய பொறுமை.

"அவரை இதே மேடையில் பொறுப்பில்லாதவர் என்றார்கள். இல்லை. அவர் கவனமான ஓட்டுநர்தான்."

அரங்கம் கை தட்டியது. தங்கச்சி என் கையை அழுத்தினாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

என் காது மட்டும் கடைசி அசையில் நின்றுவிட்டது. 'தான்'.

இதைத் துணிக்கடைக்காரனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளர் வந்து, பக்கத்துக் கடையில் ஒரு துணி பார்த்தேன், எப்படி என்று கேட்பார். மட்டம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் பொறாமை என்று நினைப்பார். "நல்ல துணிதான்," என்று சொல்லிவிட்டு நாம் நம் துணியை மடிக்க வேண்டும். அவர் அங்கேயே நிற்பார். அடுத்த வார்த்தைக்காக நிற்பார். 'நல்ல துணி' என்றால் கதை முடிந்தது. 'நல்ல துணிதான்' என்றால் கதவு பாதி திறந்திருக்கிறது, பின்னால் 'ஆனால்' செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறது.

"ஆனால்," என்றார் அம்மையார்.

"ஆனால், பாவம், வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கத் தெரியாத மனிதர். ஓடாத வண்டியைக் கொடுத்தார்கள், ஓட்டினார். மோசமான பாதையைக் கொடுத்தார்கள், போனார். இந்த ஆட்சியில் நீங்களும் நானும் அப்படித்தானே ஆகிவிட்டோம்? தலையைக் குனிந்துகொண்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு! உங்களுக்காகக் கேள்வி கேட்க ஒருத்தி வேண்டாமா?"

இப்போது வந்தது நிஜமான கைதட்டல். முந்தினது முன்பணம் மாதிரி. என் பின்னால் ஒருத்தர் உச்சுக்கொட்டினார். அவரைப் பார்த்து வரிசையே உச்சுக்கொட்டியது. சொல்லுக்காரர் கணக்கில் பிசகு இல்லை.

தங்கச்சி எழுந்துவிட்டாள்.

"கேட்டாரு," என்றாள்.

கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. "கேட்டாருங்க. ரெண்டு தடவை கேட்டாரு."

அவளிடம் மைக் இல்லை. மைக் மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். காமிராக்காரர் ஒருவர் குனிந்தபடி ஓடிவந்து அவள் முகத்துக்கு நேராக நின்றார். அம்மையார் மேடையிலிருந்து இறங்கி வந்து அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "அழாதீங்க, அழாதீங்கம்மா," என்றார். அதுக்கு மைக் இருந்தது.

"வேற வண்டி கேட்டாருங்க அவரு," என்று அந்தத் தோளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள் என் தங்கச்சி.

வீட்டுக்கு வந்து சேருமுன்பே அந்தக் காட்சி எல்லார் போனிலும் வந்துவிட்டது. அதில் அவள் உதடு அசைகிறது. பின்னால் சோகமான ஒரு இசை போட்டிருந்தார்கள். கண்டக்டர் கூப்பிட்டான். "அண்ணே, அண்ணி ஏதோ சொன்னாங்களே, என்ன சொன்னாங்க? நன்றி சொன்னாங்களா?"

போனைத் தங்கச்சியிடம் கொடுத்தேன். அவள் கேட்டுவிட்டு, "நீ என்கிட்ட சொன்னதைத்தான் தம்பி சொன்னேன்," என்றாள். பிறகு அவனே வைத்துவிட்டான்.

சொல்லுக்காரரை நான் அழைத்தேன். திட்டுவதற்கென்று வைத்திருந்த வார்த்தைகள் நிறைய. ஆனால் அவர் எடுத்ததுமே, "ஐயா, சொன்ன சொல்லைச் சொல்லிட்டாங்கல்ல? கவனமான ஓட்டுநர். நீங்க கேட்ட அதே சரக்கு," என்றார்.

"'தான்' யாரு தம்பி போட்டது?"

"என்னதுங்க?"

"'ஓட்டுநர்'னு சொல்லச் சொன்னேன். 'ஓட்டுநர்தான்'னு சொன்னாங்க."

கொஞ்சம் யோசித்தார். நடிப்பு இல்லை, நிஜமாகவே யோசித்தார் என்று நினைக்கிறேன். "அது பேச்சுவாக்குல வந்திருக்கும் ஐயா. எழுத்துல இல்ல. அம்மாவுக்கு அப்படி வாய்ல வரும்."

"'கேள்வி கேட்கத் தெரியாதவர்'?"

"அது எழுத்துல இருந்துது," என்றார்.

"அவரு கேட்டாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"அதை வெளிய எடுக்க வேணாம்னு நாம மூணு பேரும்தானே ஐயா முடிவு பண்ணோம்?" குரலில் குத்தல் இல்லை. "அது இல்லைன்னா அந்த எடம் காலியா இருக்கு. காலி எடத்துல எதையாவது வெச்சுத்தானே ஆகணும்?"

நானும் கடைக்காரன்தான். காலி அலமாரியை விட்டுவைக்க மாட்டேன். போனை வைத்தேன்.

அதன் பிறகு அக்கம்பக்கம் வர ஆரம்பித்தது. முதல் விவாதத்துக்கு அப்புறம் ஒருத்தரும் வரவில்லை. தெருவில் இவளைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். இப்போது பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பாவம், வாயில்லாப் பூச்சி. எங்க வீட்டுக்காரரா இருந்தா அந்த டிப்போவையே ரெண்டாக்கியிருப்பாரு," என்றாள் மாடிவீட்டு அம்மா. அவள் வீட்டுக்காரர் அவளிடமே வாய் திறந்து நாங்கள் பார்த்ததில்லை.

முதலில் தங்கச்சி ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். "இல்லக்கா, அவரு கேட்டாரு." "ஆமாம்மா, ஆமாம்," என்பார்கள். தலையைத் தடவிக் கொடுப்பார்கள். புருஷன் போன துக்கத்தில் எதையோ சொல்கிறாள் என்று கண்ணால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

ஒருநாள் எல்லாரும் போன பிறகு சொன்னாள்: "அண்ணே, பொறுப்பில்லாதவன்னு சொன்னப்ப சண்டை போட முடிஞ்சுது. பாவம்னு சொல்றவங்ககிட்ட எப்படிண்ணே சண்டை போடுறது? பழம் வேற கொண்டு வராங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அந்தப் பழங்களையெல்லாம் ஒரு பையில் கொட்டிக் கட்டி, செத்துப்போன அந்தப் பெரியவர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். போனேன். பெரியவருடைய மகன் கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டார். "உங்க ஆளு நல்லவர்தான்னு சொல்றாங்க," என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நானும் அடுத்த வார்த்தைக்காக அங்கேயே நின்றேன். கதவு மூடியது.

அம்மையார் ஜெயித்தார். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். சொல்லுக்காரர் ஒரு இனிப்புப் பெட்டி அனுப்பியிருந்தார், நான் பிரிக்கவில்லை. ஆட்சியும் மாறி, போக்குவரத்துத் துறை அவர் கைக்கே வந்தது. பதவியேற்ற சில நாளில் ஒரு பேட்டி. அந்த பஸ் விஷயம் என்னாயிற்று என்று கேட்டார்கள். தங்கச்சி அடுக்களையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அது ஒரு துரதிர்ஷ்டவசமான சம்பவம்," என்றார் புது அமைச்சர். "நமது பணிமனைகள் சிறப்பாகச் செயல்படுகின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குறைகள் இருக்கலாம்."

சம்பவம் இருந்தது. பணிமனை இருந்தது. 'சிறப்பாக' இருந்தது. ஓட்டுநர் இல்லை. திட்டுவதற்குக்கூட இல்லை. மேடையை விட்டு இறக்கிவிட்டார்கள்.

தங்கச்சி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதாவது சொல்லுவார்களோ என்று. பேட்டி தொகுதியின் தண்ணீர்க் குழாய்க்குப் போய்விட்டது. "அடுப்புல வெச்சது பொங்குது," என்று உள்ளே போனாள்.

சில மாதம் கழித்து அவள் என் கடைக்கு வர ஆரம்பித்தாள். பிறந்த வீட்டுத் தொழில், கை மறக்கவில்லை. அளப்பாள், வெட்டுவாள். ஆனால் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை உயர்த்திச் சொல்ல மாட்டாள். "இது எப்படிங்க?" என்று கேட்டால், "தொட்டுப் பாருங்க," என்பாள். இப்படி விற்றால் கடை என்ன ஆகும் என்று எனக்குக் கவலை. விற்கத்தான் செய்கிறது.

போன வாரம் ஒரு அம்மா வந்திருந்தாள். புது வீடு, ஜன்னல் திரைக்குத் துணி. பேச்சுத்துணை தேடுகிற ஆள். நாலு கட்டு விரித்த பிறகு தங்கச்சியைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரரும் இதே கடைலதானா?" என்றாள்.

"இல்லீங்க. பஸ் ஓட்டினாரு."

"ஓட்டினாரா? இப்ப...?" அவள் தங்கச்சியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த முகம். போனில் பார்த்த முகம். அவள் கண் விரிந்தது, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வாய் குவிந்தது. எனக்கு அந்த முகம் மனப்பாடம். "அய்யோ, நீங்க அந்த..."

"எத்தனை ஜன்னல் சொன்னீங்க?" என்றாள் தங்கச்சி.

"மூணு."

தங்கச்சி துணியை இழுத்து மேசைமேல் நீட்டினாள். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள். கத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டு, "உயரம் சொல்லுங்க," என்றாள்.